சாயம் இல்லாமல் மலேரியாவைக் காண்பது: சிவப்பணுவைப் பல அலைநீளங்களில் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

மலேரியாக் கிருமியை முதன்முதலில் பார்த்தவர் சாயம் எதையும் தொடவில்லை. 1880 நவம்பரில் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் அல்ஃபோன்ஸ் லவரான், காய்ச்சல்காரரின் இரத்தத்தை அப்படியே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். இரத்த அணுக்களுக்கிடையே கருநிறத் துகள்கள் நிறைந்த உருவங்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒட்டுண்ணியை நீலமும் சிவப்புமாகக் காட்டும் கீம்சா சாயம் 1904இல்தான் வந்தது. அதன் பிறகு மலேரியாப் பரிசோதனை என்றாலே சாயமேற்றிய ஸ்லைடு என்றாகிவிட்டது.

இன்று சில ஆய்வுக்கூடங்கள் லவரானின் வழிக்கே திரும்பியிருக்கின்றன; கண்ணுக்குப் பதிலாகக் கறுப்பு வெள்ளைக் கேமராவும், வெள்ளை ஒளிக்குப் பதிலாக வரிசையாக எரியும் வண்ண எல்இடிகளும் அங்கே இருக்கின்றன. ஐவரி கோஸ்ட்டின் யமுசுக்ரோவில் உள்ள தேசியப் பல்தொழில்நுட்ப நிறுவனமும் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகமும் இதில் முன்னோடிகள். இவர்கள் சேர்ந்து உருவாக்கிய நுண்ணோக்கியில் 375 முதல் 940 நானோமீட்டர் வரை 13 எல்இடிகள் உண்டு. கானாவின் கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்திலும் இதே துறையில் பணி நடந்திருக்கிறது. இந்தத் தேடல் மேற்கு ஆப்பிரிக்காவில் நடப்பது தற்செயல் இல்லை: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2023இல் மலேரியாவுக்குப் பலியான சுமார் 5,97,000 பேரில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

இந்த வழிகாட்டி, ஒளியியலும் கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்த மாணவருக்கும் ஆய்வுக்கூட ஊழியருக்கும் உரியது. இது ஆராய்ச்சி முறை. இதை நம்பி யாருக்கும் மருந்து கொடுக்கவோ மறுக்கவோ கூடாது. அதற்குச் சாயமேற்றிய ஸ்லைடும் விரைவுப் பரிசோதனை அட்டையும் இருக்கின்றன.

முதலில்: கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் கருவி வாங்கப் போனால் பணம்தான் வீண். கேமரா ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை. ஹீமோகுளோபினுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்கிறது.

ஆரோக்கியமான சிவப்பணு ஒன்றில் ஏறத்தாழ 30 பிகோகிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் ஊதா ஒளியை மிகக் கடுமையாக உறிஞ்சுகிறது. 542, 577 நானோமீட்டர்களில் உறிஞ்சல் சற்றே உயரும் இரண்டு சிறிய மேடுகள். 650ஐத் தாண்டினால் ஏறக்குறைய கண்ணாடி. சுமார் 2 மைக்ரான் தடிமனுள்ள செல்லில் இதைக் கணக்கிட்டால், 415இல் விழும் ஒளியில் 30 விழுக்காடு மட்டுமே மறுபக்கம் வரும். 577இல் 88 விழுக்காடு வந்துவிடும். 660இல் முழுவதுமே வரும்.

ஒட்டுண்ணி உள்ளே நுழைந்ததும் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, அதன் உடலில் ஹீமோகுளோபின் கிடையாது. ஆகவே அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் உறிஞ்சல் குறைகிறது. இரண்டு, அது ஹீமோகுளோபினைத் தின்று, அதில் மிஞ்சும் இரும்புள்ள நச்சுப் பகுதியான ஹீமை ஹீமோசோயின் என்ற படிக நிறமியாக்கி ஒதுக்குகிறது. லவரான் கண்ட கருநிறத் துகள் இதுதான். ஹீமோகுளோபின் கண்டுகொள்ளாமல் விடும் சிவப்பு ஒளியையும் இது உறிஞ்சும். 650, 660 அருகே இதற்கு ஒரு சிறு மேடும் உண்டு. ஒளியை நன்றாகச் சிதறவும் செய்கிறது.

ஹீமோசோயினைத் தேடினால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஆப்பிரிக்காவில் உயிர்குடிக்கும் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், வளர்ந்த நிலையை அடைந்ததும் இரத்த நாளச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் பெரும்பாலும் வளைய நிலைக் குஞ்சுகளே, அதாவது மோதிரம் போலத் தோன்றும் இளம் ஒட்டுண்ணிகளே வரும். அவற்றில் நிறமி இன்னும் சேர்ந்திருக்காது. பரிசோதனைக் குழாயில் வளர்த்த ஒட்டுண்ணிகளை வைத்து அற்புதமான முடிவு காட்டும் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வளர்ப்புத் தட்டில் எல்லா நிலைகளும் இருக்கும், நோயாளியின் விரலில் இராது. மலேரியாவின் இன்னொரு ஒட்டுண்ணியான வைவாக்ஸ் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் எல்லா நிலைகளும் இரத்தத்தில் சுற்றிவருகின்றன.

ஆகவே ஃபால்சிபாரத்தைத் தேடுபவருக்கு முதன்மைச் சான்று, 415 அருகே தெரியும் ஒரு சிறு ஓட்டை. ஒட்டுண்ணி அரை மைக்ரான் அளவுக்கு ஹீமோகுளோபினை இடம்பெயர்த்தால் 415இல் ஒளி 30லிருந்து 40 விழுக்காடாக ஏறும். 577இல் அதே ஒட்டுண்ணி தரும் மாற்றம் 3 விழுக்காட்டுப் புள்ளிகள்தான். எந்த எல்இடிக்கு முதலில் காசு செலவழிப்பது என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படி 1: அலைநீளங்களைத் தேர்ந்தெடுங்கள்

13 எல்இடிகள் எதைத் தேடுவது என்று தெரியாத காலத்துக்கு நல்லது. தெரிந்த பிறகு ஆறு போதும் என்பது என் கருத்து. 405 அல்லது 415 ஹீமோகுளோபினின் வரைபடத்துக்கு. 525, 590 இரண்டும் ஹீமோகுளோபின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க. 630 பழைய ஸ்லைடைக் கண்டுபிடிக்க (படி 3இல் விளக்கம்). 660 நிறமிக்கு. 850 எதற்கு என்றால், அங்கே எதுவும் உறிஞ்சப்படாது என்பதற்காகவே: அந்தப் படத்தில் தெரியும் இருட்டெல்லாம் ஒளிச்சிதறல். மற்ற படங்களிலிருந்து சிதறலைக் கழிக்க அதுவே அளவுகோல்.

சாதாரண எல்இடியின் ஒளி ஒற்றை அலைநீளம் இல்லை. 15 முதல் 30 நானோமீட்டர் வரை பரவியிருக்கும். 415இன் கூர்மையான உச்சி அதனால் மழுங்கித் தெரியும். கணக்கிட்டதைவிடக் குறைவான உறிஞ்சல் வந்தால் பதற வேண்டாம்.

படி 2: நுண்ணோக்கியை மாற்றியமையுங்கள்

நல்ல நிலையில் உள்ள பழைய நுண்ணோக்கி போதும். விளக்கை எடுத்துவிட்டு எல்இடிகளை, ஒளியைச் சீராகப் பரப்பும் மங்கலான தகட்டின் பின்னால் பொருத்துங்கள். எந்த எல்இடி எரிந்தாலும் ஒளி ஒரே பாதையில் வர வேண்டும். மாறா மின்னோட்டம் தரும் சுற்றில் இணைத்து, ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையால் ஒன்றன்பின் ஒன்றாக எரியவிடலாம். எல்இடி சூடாகச் சூடாக ஒளியும் அலைநீளமும் நகரும் என்பதால், ஏற்றிய உடனே படமெடுக்காதீர்கள். ஊதா, புறஊதா எல்இடிகளைக் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. அவை மங்கலாகத் தோன்றுவதே அவற்றின் ஆபத்து. கண் வைக்கும் லென்ஸ் குழாயை மூடிவிடுவது நல்லது.

கேமரா கறுப்பு வெள்ளையாக, 12 பிட் ஆழத்தில், அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி இல்லாததாக இருக்க வேண்டும். கைபேசிக் கேமராவும் வண்ணக் கேமராவும் வேண்டாம். அவை அழகான படம் தருவதற்காகச் செய்யும் தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் நம் அளவீட்டைக் கெடுப்பவை.

லென்ஸ் விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டும். 40 மடங்கு, 0.65 நியூமெரிக்கல் அபெர்ச்சர் (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்ற அளவு) கொண்ட உலர் லென்ஸ் 415இல் சுமார் 0.32 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். வளைய நிலை ஒட்டுண்ணி 1 முதல் 2 மைக்ரான் வரை இருப்பதால் அது போதுமானது. 100 மடங்கு எண்ணெய் லென்ஸ் இன்னும் கூர்மையாகக் காட்டும். ஆனால் சாயமேற்றாத பூச்சின் மேல் எண்ணெயை ஊற்றிவிட்டு, பிறகு அதைக் கழுவி, அதே ஸ்லைடைச் சாயமேற்றுவது பெரும் தலைவலி. படி 6இல் அதே ஸ்லைடு மறுபடி தேவைப்படும். மேலும், உயிரியல் லென்ஸ்களில் பல 0.17 மில்லிமீட்டர் மூடுகண்ணாடியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. மூடாத பூச்சுக்கு, மூடுகண்ணாடி தேவையில்லாத வகை லென்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஊதாவுக்குக் குவியம் சரிசெய்த இடத்தில் அகச்சிவப்பு மங்கலாக இருக்கும். பல நிறங்களுக்கும் குவியம் ஒன்றாக வரும்படி செய்த, விலையுயர்ந்த அபோகுரோமாட் லென்ஸ்கூட இந்த முழு நீளத்துக்கும் ஈடுகொடுக்காது. ஒளி ஊடுருவும் வில்லைகளுக்குப் பதிலாக ஒளியை எதிரொளிக்கும் ஆடிகளால் ஆன லென்ஸுக்கு இந்தக் குறை கிடையாது, ஆனால் அதன் விலை வேறு ரகம். எளிய வழி: ஒவ்வொரு அலைநீளத்துக்கும் குவியம் எவ்வளவு நகர்கிறது என்று ஒருமுறை அளந்து அட்டவணையாக்கி, மோட்டாரால் ஒவ்வொரு முறையும் நகர்த்துவது.

படி 3: இரத்தப் பூச்சு

நோயாளியின் இரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளியின் ஒப்புதல், கையுறை மூன்றும் முன்நிபந்தனை. மலேரியா இருக்கிறதோ இல்லையோ, இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் இருக்கலாம்.

மெல்லிய பூச்சு மட்டுமே இங்கே உதவும். ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்க மருத்துவமனைகள் நம்பும் தடித்த பூச்சில் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை வெளியேற்றிவிடுவார்கள். நாம் பார்க்க வந்த பொருளே அங்கே இருக்காது. இந்த முறையின் ஆகப்பெரிய பலவீனம் இதுதான். தடித்த பூச்சில் அதே நேரத்தில் பல மடங்கு இரத்தத்தைப் பார்த்துவிட முடியும்.

செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், தனித்தனியாகக் கிடக்கும் பகுதி வேண்டும். பூச்சின் இறகு போன்ற முனைக்குச் சற்று உள்ளே அது கிடைக்கும். நன்றாகக் காய விடுங்கள். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் மெதுவாகக் காயும் செல்களில் வட்டமான வெற்றிடங்கள் உண்டாகும். அவை ஒட்டுண்ணியைப் போலவே ஹீமோகுளோபின் ஓட்டையாகத் தெரியும். மெல்லிய குளிர்காற்று வீசும் விசிறி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

காய்ந்த அன்றைக்கே படமெடுங்கள். நாள் போகப்போக ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபினாக மாறும். அதன் உச்சி 405 பக்கம் நகர்ந்து, 630இல் ஒரு புதிய மேடு தோன்றும். சிவப்பு ஒளியில் உறிஞ்சல் தெரிந்ததும் நிறமி என்று குதித்துவிடக் கூடாது. மெத்தீமோகுளோபின் செல் முழுவதும் பரவியிருக்கும், நிறமி ஒரு புள்ளியாக இருக்கும். 630 எல்இடியை வைத்திருப்பது இந்த வேறுபாட்டைச் சோதிக்கத்தான்.

படி 4: படமெடுத்தல்

தானியங்கி ஒளியளவு, காமா, வெண்சமன் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ஒளிநேரம் வையுங்கள். செல் இல்லாத வெற்றிடம் கேமராவின் முழு அளவில் 75 விழுக்காட்டு அருகே நிற்கட்டும். படத்தின் எந்தப் புள்ளியும் (பிக்சலும்) உச்சத்தைத் தொடக் கூடாது.

ஒவ்வொரு புலத்திலும் (ஒரே நேரத்தில் கேமராவில் தெரியும் பரப்பு) ஒவ்வொரு அலைநீளத்திலும் 16 படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். ஒரு புள்ளியில் 10,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் இயல்பான இரைச்சல் 1 விழுக்காடு. 577 பக்கம் நாம் தேடும் மாற்றமே 3 விழுக்காட்டுப் புள்ளிகள்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 16 படச் சராசரி இரைச்சலைக் கால் விழுக்காடாக்கிவிடும்.

வேறு இரண்டு வகைப் படங்களும் வேண்டும். எல்லா எல்இடியையும் அணைத்து எடுத்த இருள் படம். அதே ஸ்லைடில் செல்லே இல்லாத இடத்தில் ஒவ்வொரு அலைநீளத்திலும் எடுத்த வெற்றுப் படம். வேறொரு சுத்தமான ஸ்லைடில் எடுத்தால், உலர்ந்த பிளாஸ்மாவின் படலம் கணக்கில் வராமல் போகும்.

வசதி இருந்தால் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி பாய்ச்சி, சிதறிய ஒளியை மட்டும் பிடிக்கும் இன்னொரு படத்தொகுதியும் எடுங்கள். படிக நிறமி அதில் பளிச்சென்று தெரியும். யமுசுக்ரோ, லுண்ட் கருவியும் ஊடுருவல், எதிரொளிப்பு, சிதறல் என்ற மூன்று வகையிலும் படமெடுக்கும்படி அமைந்ததே.

படி 5: படத்தை அளவீடாக மாற்றுங்கள்

இதுவரை கையில் இருப்பது படம். ஊடுருவல் = (செல் படம் − இருள்) ÷ (வெற்றுப் படம் − இருள்). அதன் பத்தடி மடக்கையின் எதிர்மதிப்பு உறிஞ்சல். ஹீமோகுளோபின் இரு மடங்கானால் உறிஞ்சலும் இரு மடங்காகும்; ஊடுருவல் அப்படி நடந்துகொள்ளாது. எனவே மேற்கொண்டு எல்லாக் கணக்கும் உறிஞ்சலில்தான்.

குவியத்தை நகர்த்தியதால் படங்கள் ஒன்றுக்கொன்று ஓரிரு புள்ளிகள் விலகியிருக்கும், உருப்பெருக்கமும் இம்மியளவு மாறியிருக்கும். பைத்தானில் ஸ்கிகிட்-இமேஜ் நூலகத்தில் உள்ள கட்ட ஒப்பீட்டுச் (phase_cross_correlation) செயல்பாடு இடப்பெயர்ச்சியைப் புள்ளியின் பின்னம் வரை கண்டுபிடித்துத் தரும். உருப்பெருக்க மாற்றத்தைத் தனியாக ஒருமுறை அளந்து திருத்துங்கள். இந்தச் சீரமைப்பை அரைகுறையாக விட்டுவிட்டால் ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் பொய்யான நிறமாற்றம் தோன்றும். பிறகு எந்தக் கணிப்பு முறையும் அந்த விளிம்புகளையே ஒட்டுண்ணியாகக் கற்றுக்கொள்ளும்.

இப்போது ஒரு சரிபார்ப்பு. 415 படத்தில் ஒரு செல்லின் பரப்பு முழுவதும் உறிஞ்சலைக் கூட்டினால், அது அந்தச் செல்லிலுள்ள ஹீமோகுளோபினின் எடைக்கு நேர்விகிதம். செல் காய்ந்து தட்டையானாலும் நீர் போகுமே தவிர ஹீமோகுளோபின் போகாது. ஆகவே கூட்டுத்தொகை மாறாது. ஆரோக்கியமானவரின் செல்களுக்கு இது ஏறத்தாழ 27 முதல் 32 பிகோகிராம் வரை வர வேண்டும். அதே இரத்தத்தை ஆய்வகத்தின் செல் எண்ணும் கருவியில் கொடுத்தால் சராசரிச் செல் ஹீமோகுளோபின் என்று ஓர் எண் வரும். இரண்டையும் ஒப்பிடுங்கள். எல்இடியின் அகலத்தாலும் மெத்தீமோகுளோபினாலும் உங்கள் எண் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆனால் நாளுக்கு நாள் அது ஆடினால், பிழை கருவியில் இருக்கிறது. ஒட்டுண்ணி வேட்டையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

படி 6: உண்மை எது என்று அறிய ஒரு வழி

படமெடுத்த ஒவ்வொரு புலத்தின் மேடை ஆயத்தொலைவுகளையும் குறித்துவையுங்கள். பிறகு அதே ஸ்லைடை மெத்தனாலில் சில நொடிகள் தோய்த்து நிலைநிறுத்தி, 7.2 அமிலகார அளவு (pH) உள்ள கரைசலில் 3 விழுக்காடு கீம்சாவில் 45 முதல் 60 நிமிடங்கள் வைத்து, கழுவிக் காயவைத்து, அதே புலங்களுக்குத் திரும்பி மீண்டும் படமெடுங்கள். சாயத்தில் நீலச் சைட்டோபிளாசமும் சிவப்பு உட்கருவும் தெரிந்த செல்கள் எவை என்று பயிற்சி பெற்ற இருவர், ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமல் குறிக்கட்டும்.

இதைத் தவிர்க்க இணையத்தில் கிடைக்கும் தரவுகளை எடுக்கலாமே என்று தோன்றும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட 27,558 செல் படங்கள் புகழ்பெற்றவை. ஆனால் அவை சிட்டகாங்கில் கீம்சா சாயமேற்றிய பூச்சுகளிலிருந்து கைபேசிக் கேமராவில் எடுக்கப்பட்டவை. அங்கே கணினி கற்பது சாயத்தின் ஊதா நிறத்தை. நம் ஸ்லைடில் அது கிடையாது.

படி 7: செல்லைப் பிரித்து, ஒட்டுண்ணியைத் தேடுங்கள்

செல்களைப் பிரிப்பது இங்கே வியப்பூட்டும் அளவுக்கு எளிது. 415 படத்தில் சிவப்பணு மட்டுமே கருமையாகத் தெரியும். வெள்ளையணுவிலும் தட்டணுவிலும் ஹீமோகுளோபின் இல்லாததால் அவை அநேகமாக மறைந்துவிடும். இதைவிடக் கருமையானது செல் என்று பிரிக்கும் ஒரு எளிய வாசல் மதிப்பும் (threshold), ஒட்டிக்கிடக்கும் செல்களுக்கு நீர்ப்பிரிமுக (watershed) முறையும் போதும்.

சாயமேற்றிய ஸ்லைடில் புதியவர்களை ஏமாற்றும் தட்டணு, அதாவது சிவப்பணுவின் மேல் ஏறி உட்கார்ந்து ஒட்டுண்ணி போலத் தோன்றுவது, இங்கே பெரிதாக ஏமாற்றாது. அடியில் உள்ள ஹீமோகுளோபினை அது குறைப்பதில்லை.

ஒவ்வொரு செல்லிலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். நடுவிலுள்ள இயல்பான குழிவைத் தவிர 415இல் வேறு ஓட்டை இருக்கிறதா? அந்த ஓட்டை 525, 590லும் உறிஞ்சல் விகிதத்துக்கேற்ப ஆழம் குறைந்து தெரிகிறதா? 850இல் அதே இடத்தில் பெரிய சிதறல் இருக்கிறதா? இருந்தால் அது காய்ந்த வெற்றிடமாகவோ தூசியாகவோ இருக்கலாம். 660இல் புள்ளியாக எதுவும் உறிஞ்சப்படுகிறதா? கையால் வகுத்த இந்த அம்சங்களை ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற, பல முடிவு மரங்களின் வாக்கைக் கூட்டி முடிவெடுக்கும் கணிப்பானுக்குக் கொடுத்தால், சில நோயாளிகளின் தரவே உள்ள நிலையில் ஆழ்கற்றலைவிட நம்பகமாக நடந்துகொள்ளும். தவறு செய்யும்போது ஏன் செய்தது என்றும் கேட்க முடியும்.

குழப்பம் தரும் செல்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் நிறையவே உண்டு. அரிவாள் செல் மரபணு அங்கே பரவலானது. இளம் சிவப்பணுக்கள், இலக்குப் பலகை போன்ற செல்கள், உட்கரு எச்சம் கொண்ட செல்கள் எல்லாம் ஹீமோகுளோபினைச் சமமாகப் பரப்பி வைத்திருப்பதில்லை. மலேரியா இல்லாத, ஆனால் இந்த மாற்றங்கள் உள்ளவர்களின் இரத்தத்தையும் கட்டாயம் சேருங்கள். ஆரோக்கியமான மாணவர்களின் இரத்தத்தோடு மட்டும் ஒப்பிட்டுப் பெற்ற துல்லியம், மருத்துவமனை வாசலைத் தாண்டாது.

தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது செல்வாரியாகப் பிரிக்காதீர்கள், நோயாளிவாரியாகப் பிரியுங்கள். ஒரே ஸ்லைடின் செல்கள் இரு பக்கமும் இருந்தால், கணினி அந்த ஸ்லைடின் சாயலைக் கற்றுக்கொண்டு மதிப்பெண் வாங்கிவிடும்.

படி 8: கடைசிக் கணக்கு

விரைவுப் பரிசோதனை அட்டைகள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100, 200 ஒட்டுண்ணிகள் வரை கண்டுபிடிக்கின்றன. தேர்ந்தவர் தடித்த பூச்சில் அதைவிடக் குறைவாகவும் காண்பார். ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள். 200 ஒட்டுண்ணிகள் என்றால் 25,000 செல்களுக்கு ஒன்று.

உங்கள் கணிப்பான் ஆரோக்கியமான செல்லை 99 விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்று வையுங்கள். 25,000 செல்களில் அது 250 பொய்யான எச்சரிக்கைகளை எழுப்பும். உண்மையான ஒட்டுண்ணி ஒன்று அவற்றுள் ஒளிந்திருக்கும். பயனுள்ளதாக வேண்டுமானால் செல் அளவிலான பிழை லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போக வேண்டும். "99 விழுக்காடு துல்லியம்" என்று தலைப்பிடும் அறிக்கையை வாசிக்கும்போது, அது செல்லுக்கா நோயாளிக்கா என்று பாருங்கள்.

எத்தனை செல்களைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். 25,000இல் ஒன்று என்ற விகிதத்தில், குறைந்தது ஓர் ஒட்டுண்ணியாவது பார்வையில் படும் வாய்ப்பு 95 விழுக்காடாக வேண்டுமென்றால் சுமார் 75,000 செல்களைப் படமெடுக்க வேண்டும். புலத்துக்கு 300 செல் என்றால் 250 புலங்கள். ஆறு அலைநீளம், 16 படம், நொடிக்கு 30 படம் என்று எடுத்தால் ஒளிநேரமே 13 நிமிடங்கள். மேடை நகர்வும் குவியமும் தனி. ஆகவே மோட்டார் மேடை இல்லாமல் இதை முழுமையாகச் செய்ய முடியாது.

அறிக்கை எழுதும்போது மூன்று எண்களைத் தனித்தனியாகத் தாருங்கள்: ஒட்டுண்ணியே இல்லாதவரின் ஸ்லைடில் எத்தனை பொய் எச்சரிக்கை வந்தது, எந்த ஒட்டுண்ணி அடர்த்தி வரை நோயாளியைக் கண்டறிந்தது, எத்தனை செல்களைப் பார்த்தது. வளைய நிலைக்கும் வளர்ந்த நிலைக்கும் தனித்தனி முடிவு கொடுங்கள். சராசரியாகச் சேர்த்துவிட்டால், நிறமியுள்ள எளிய செல்கள் கடினமானவற்றின் தோல்வியை மூடி மறைத்துவிடும். திருத்தப்படாத மூலப் படங்களை இருள், வெற்றுப் படங்களோடு சேர்த்தே சேமியுங்கள். அடுத்த மாதம் சீரமைப்பில் பிழை கண்டுபிடித்தால் திரும்பப் போக வேண்டிய இடம் அதுதான்.